இடைவெளி என்று எழுதப்பட்ட வருடங்கள்

எங்கள் ஊரில் ஃபாரினர் என்றால், ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து போகிற வெள்ளைக்காரர்கள் என்று அர்த்தம். நானும் அந்த அர்த்தத்தில்தான் அந்தச் சொல்லைப் புழங்கிவந்தேன். கீழ்பென்னாத்தூரில் பிறந்து, அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, திருவண்ணாமலையில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராக இருந்தவள் நான். அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்த அன்றைக்கு நானே ஃபாரினர் ஆனேன். அவர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் ‘வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி’. அதுவரை சென்னையைத் தாண்டி எங்கும் தங்கியிராத வெளிநாட்டுக்காரி.

ரெசிடென்சி என்பது இங்கே எம்.டி. படிப்பதைப் போன்றது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டே சில வருடம் பயிற்சி பெறுவது. இங்கேயே படித்திருக்கலாமே என்பார்கள். நுழைவுத் தேர்வு எழுதினேன். எனக்குக் கிடைத்த ரேங்குக்கு நோயாளியைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லாத பாடங்களைத்தான் தர முன்வந்தார்கள். எனக்கோ பொது மருத்துவம்தான் வேண்டியிருந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற கடுமையான கேஸ்களை எல்லாம் மருந்தைப் போட்டு, மூச்சை நிலைப்படுத்தி, ஆம்புலன்சில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துவதோடு என் வைத்தியம் முடிந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன செய்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே என் ஆசை.

இந்த ஆசையை நிறைவேற்றுவதற்கு முதலில் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உடம்பைப் பற்றி நான் படித்தது முழுக்க இங்கிலீஷில். கணையத்தைக் கணையம் என்று சொல்லக்கூட எனக்கு அகராதி வேண்டும். இருந்தாலும் சென்னைக்குப் போய், நோயாளியாக நடிக்கச் சம்பளம் வாங்குகிற ஒருவரிடம், நெஞ்சுவலி எப்போது ஆரம்பித்தது என்று இங்கிலீஷில் கனிவாக விசாரித்துக் காட்டினேன். கனிவு போதுமான அளவு இருந்ததாகச் சான்றிதழ் வந்தது. மற்றப் பரீட்சைகளையும் ஒவ்வொன்றாக எழுதித் தேறினேன். அவற்றைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. பரீட்சையாவது நம் மூஞ்சியைப் பார்க்காமல் மார்க் போடுகிறது.

அதற்கப்புறம்தான் ஆலோசகர் வந்து சேர்ந்தார். சென்னையில் இருந்த அவர் மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்காவுக்கு விண்ணப்பித்து, அங்கே யாரும் எடுத்துக்கொள்ளாததால், மற்றவர்களுக்கு அங்கே இடம் வாங்கித் தருவதைத் தொழிலாக வைத்துக்கொண்டவர். கூடப் படித்தவர்கள் எல்லாரும் இப்படி யாரையாவது பிடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் பிடித்தேன். முதல் போனிலேயே அவர் கேட்டது:

“மேடம், உங்க ஸ்டோரி என்ன?”

“என்ன ஸ்டோரிங்க?”

“ஏன் டாக்டர் ஆனீங்கன்னு பர்சனல் ஸ்டேட்மென்ட்ல எழுதணும் இல்ல? வீட்ல யாராவது ட்ரீட்மென்ட் கிடைக்காம இறந்துருக்காங்களா?”

“இல்லைங்க.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. மாமா, சித்தப்பா… அந்த மாதிரி?”

“எல்லாரும் நல்லாத்தாங்க இருக்காங்க.”

அவர் குரலில் நிஜமாகவே ஏமாற்றம் இருந்தது. சில நாளில் அவரே எழுதிய கட்டுரை ஒன்று மெயிலில் வந்தது. அதில் என் சித்தப்பா பாம்பு கடித்து, மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சிறுமியான என் மடியில் தலை வைத்து உயிரை விட்டிருந்தார். அந்தக் கணத்தில் நான் வானத்தைப் பார்த்துச் சபதம் எடுத்திருந்தேன். எங்கள் வீட்டில் நான் பிறப்பதற்கு முன்பே மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்துவிட்டது. அதை ஓட்டுகிறவரே அந்தச் சித்தப்பாதான்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அப்பா விவசாயி, நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு, “அவன்கிட்ட இத சொல்லிடாத. சுகர் ஜாஸ்தின்னு டெஸ்ட்டுல வந்ததுல இருந்து அவன் ஏற்கெனவே பயந்துகினு கெடக்கறான்” என்றார்.

ஆலோசகரைக் கூப்பிட்டு, பொய் எழுத முடியாது என்றேன். அவருக்கு அது புரியவே இல்லை. “மேடம், எல்லாரும் இதத்தான் எழுதறாங்க. அவங்களுக்கும் தெரியும்” என்றார். எழுதுகிறவருக்குப் பொய் என்று தெரியும், படிக்கிறவருக்கும் பொய் என்று தெரியும், ஆனாலும் எழுதியாக வேண்டும் என்கிற இந்த ஏற்பாட்டை அவர் இயற்கையின் சட்டம்போலச் சொன்னார். அப்புறம் இன்னொரு குறையையும் எடுத்து வைத்தார். எனக்கு ‘அமெரிக்க மருத்துவ அனுபவம்’ இல்லை. அதாவது, அங்கே போய் ஒரு டாக்டருக்குப் பின்னால் சில வாரங்கள் நிற்க வேண்டும். நோயாளியைத் தொடக்கூடாது. ஊசி எடுக்கக்கூடாது. பார்க்கலாம், தலையாட்டலாம். முடிவில் அந்த டாக்டர் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுப்பார்.

“கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கா அவ்ளோ தூரம் போகணும்?” என்று கேட்டேன்.

“அதுதான் மேடம் எக்ஸ்பீரியன்ஸ்.”

நான் இங்கே தினமும் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அனுபவத்தில் சேரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெரியவர் எங்கள் ஓ.பி.க்கு வந்தார். வெள்ளைக்காரர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கிரிவலம் போய் இரண்டு பாதமும் கொப்புளித்து, ஒன்றில் சீழ் கட்டியிருந்தது. தாம் ஒரு டாக்டர் என்றும், அமெரிக்காவில் பொது மருத்துவத் துறை ஒன்றுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், அதையெல்லாம் உதறிவிட்டு ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும் சொன்னார். உடம்பு வெறும் தோற்றம் என்றார். நான் சீழை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு மருந்துச் சீட்டு எழுதினேன். அதை வாங்கி, எந்த ஆன்டிபயாடிக், எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், ஏன் இதைவிட வலுவானது இல்லை என்று குறுக்கு விசாரணை செய்தார். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டுப் படித்தார். வெறும் தோற்றத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை தேவைதானா என்று எனக்குத் தோன்றியது.

கட்டு மாற்ற வந்தபோதெல்லாம் பேச்சுக் கொடுத்தார். நான் விண்ணப்பிக்கப் போவது தெரிந்ததும் தாமே சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொன்னார். இதை ஆலோசகரிடம் சொன்னதுதான் தாமதம், போனில் கத்தினார்: “யு.எஸ். டிபார்ட்மென்ட் ஹெட்டா? உங்க ஊர்லயேவா? விட்டுடாதீங்க மேடம், லட்டு மாதிரி வந்துருக்கு!”

என்ன எழுதுவீர்கள் என்று பெரியவரைக் கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். புனித மலையின் அடிவாரத்தில் பிறந்த எளிய கிராமத்துப் பெண். நவீன மருத்துவத்தையும் பண்டைய ஞானத்தையும் இணைப்பவள். அவள் தொட்டாலே நோயாளிகளுக்கு அமைதி கிடைக்கிறது. மலைக்கு அடிவாரத்தில் நான் பிறக்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மலை தெரியும், அவ்வளவுதான். நான் தொட்டு யாருக்கும் அமைதி கிடைத்ததும் இல்லை. கட்டைப் பிரிக்கும்போது அவரே குய்யோ முறையோ என்று கத்தினவர்தான்.

“நான் வேலை செய்வதை நீங்கள் பார்த்ததே இல்லையே. வந்து ஒருநாள் உட்காருங்கள். பார்த்ததை எழுதுங்கள். இல்லாவிட்டால் கடிதமே வேண்டாம்” என்றேன். அவர் ஆச்சரியப்பட்டாலும் ஒப்புக்கொண்டார். ஆலோசகருக்கு இது தெரிந்தபோது, இப்படி ஒரு பைத்தியத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார்.

சொன்னபடி பெரியவர் வந்தார். அறை மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். உள்ளே வந்த கிழவி ஒருத்தி என்னைத் தாண்டிப்போய் அவர் காலில் விழுந்தாள். அடுத்து வந்தவர்களும் சாமியார் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒருவர் விபூதி கேட்டார். பெரியவர் கை தூக்கி ஆசீர்வாதம் செய்தாரே தவிர, தாம் ஒரு டாக்டர் என்று ஒரு தடவையாவது சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க இதற்காகவே காத்திருந்தவர்போல முகம் மலர்ந்திருந்தது.

மத்தியானம் ஓ.பி. முடிகிற நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தவருக்கும் பின்னால் பிடித்திருந்தவருக்கும் நடுவில் ஒருவர் துவண்டு கிடந்தார். நெல்லுக்குப் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தவர், டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்தும் விடாமல் அடித்து முடித்திருக்கிறார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிட்டது, நாடி விழுந்துகொண்டே போனது. எமர்ஜென்சி அறைக்குள் தூக்கிப்போனோம். சட்டையை வெட்டி எறிந்து, நர்ஸ் சோப்புத் தண்ணீரால் கழுவ, நான் நரம்பில் ஊசி போட்டு, விஷமுறிவுக்கு அட்ரோபின் ஏற்ற ஆரம்பித்தேன். நுரையீரல் முழுக்க நீர். மூச்சு நின்று நின்று வந்தது. ஒரு குழாயைத் தொண்டைக்குள் இறக்கினேன். அதில் பொருத்திய காற்றுப் பையை ஒருவர் விடாமல் அமுக்க வேண்டும். கைகள் போதவில்லை.

திரும்பிப் பார்த்தேன். பெரியவர் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. உதடுகள் அசைந்தன.

“டாக்டர், பையைப் பிடியுங்கள்” என்றேன்.

கண்ணைத் திறந்தார். “ஒருவேளை இது அவருடைய நேரமாக இருக்கலாம்” என்றார், மெதுவாக, நல்ல இங்கிலீஷில்.

எனக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷ் வரவில்லை. “நேரத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல பைய அமுக்குய்யா!” என்று கத்தினேன். அவருக்குத் தமிழில் நன்றி, அரோகரா இரண்டும்தான் தெரியும். ஆனால் அது புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்து பையை வாங்கினார்.

வாங்கியவுடனே ஆள் மாறிவிட்டார். தாடையைச் சரியாகத் தூக்கி வைத்தார். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து அமுக்கினார். குழாயில் நுரை ஏறினால் நான் சொல்லுமுன் உறிஞ்சு குழாயைக் கேட்டார். நான் மருந்து ஏற்ற, அவர் காற்றுக் கொடுக்க, நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுக் கேட்டு, அந்த ஈரச் சத்தம் குறைகிறவரை நிறுத்தாமல் செய்தோம். நாடி ஏறியது. நுரையீரலில் நீர் வற்றியது. ஆம்புலன்ஸ் வந்தபோது ஆள் உயிரோடு இருந்தார். பிற்பாடு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்குப் போனதாக அவர் மச்சான் வந்து சொன்னார்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து கை கழுவும்போது பெரியவர் விபூதி எல்லாம் வேர்வையில் அழிந்து ஒரு சாதாரணக் கிழட்டு டாக்டராக இருந்தார். “என் வாழ்நாளில் இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததில்லை. புத்தகத்தில் படித்ததோடு சரி” என்றார். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அடுத்த வாரமே விபூதியைப் பூசிக்கொண்டு வந்து, நாம் இருவரும் வெறும் கருவிகள் என்றார். மறுபடியும் பிடிக்காமல் போய்விட்டது. கடிதம் அனுப்பிவிட்டதாகவும், பார்த்ததை மட்டுமே எழுதியதாகவும் சொன்னார். அதை நான் பார்க்கக்கூடாது என்பது விதி.

நானும் என் கட்டுரையை எழுதினேன். அந்த மருந்து அடித்தவரைப் பற்றியும், ஆம்புலன்ஸ் கதவைப் பற்றியும், ஒரு பக்கத்துக்குள். ஆலோசகர் படித்துவிட்டு, “ஆன்மாவே இல்ல மேடம் இதுல” என்றார். அத்தோடு அவரை விட்டுவிட்டேன்.

விண்ணப்பம் ஏராளமான ஊர்களுக்குப் போனது. நேர்காணலுக்குக் கூப்பிட்டவை இரண்டே இரண்டு. வீட்டில் கரண்டும் நெட்டும் எந்த நேரத்திலும் போகும் என்பதால் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம். முதல் நேர்காணல் பௌர்ணமியன்று வந்து வாய்த்தது. ஜன்னலைச் சாத்தியும் ரோட்டில் போகிற ஜனத்தின் சத்தம் அறைக்குள் வந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய ஓம் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மேலே கோட்டு, கீழே நைட் பேன்ட்டுடன் உட்கார்ந்தேன்.

திரையில் வந்தவர் என்னைவிட இளையவராகத் தெரிந்தார். சிரித்த முகம். “பட்டம் வாங்கி மூன்று வருடம் இடைவெளி இருக்கிறதே. அந்த இடைவெளியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டார்.

“நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றேன்.

“அது சரி. மருத்துவத்தோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்தீர்கள்?”

கேள்வி சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி கேட்டேன். அதே கேள்விதான். டெங்குவும் மாரடைப்பும் பாம்புக்கடியும் பிரசவ வலியில் வந்த வலிப்பும் சேர்ந்த மூன்று வருடத்துக்கு அவர்கள் விண்ணப்பத்தில் பெயர் இடைவெளி. அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எதையாவது எதிர்பார்க்கிறார் என்று பிறகு புரிந்தது. அடுத்து, உங்களை ஒரு காய்கறி என்று வைத்துக்கொண்டால் எந்தக் காய் என்று கேட்டார். கத்தரிக்காய் என்றேன். ஏன் என்றார். எனக்குப் பிடிக்கும் என்றேன். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?

இன்னொரு நேர்காணலில் தியானம் செய்வேனா என்று கேட்டார்கள். செய்வதில்லை என்றதும் அவர்கள் முகம் வாடிவிட்டது.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மெயில் வந்தது. வருந்துகிறோம், எந்த இடத்துக்கும் நீங்கள் தேர்வாகவில்லை. வீட்டில் அம்மா எதுவும் கேட்காமல் தோசை ஊற்றினாள். அப்பா மட்டும், “ஏம்மா, மார்க் கம்மியா?” என்றார்.

“மார்க்கு நல்லாத்தாம்பா இருக்கு.”

“பின்ன இன்னாவாம்?”

“தெரியலப்பா. சொல்ல மாட்டாங்க.”

“சொல்லாம எப்டி? நெல்லு வாங்க வர்றவனே ஈரம்னு எதுனா ஒரு காரணம் சொல்லிட்டுத்தான் திருப்பி விடறான்” என்றார் அப்பா. அவர் அதற்குமேல் அமெரிக்காவை மதிக்கவில்லை.

பெரியவரிடம் சொன்னபோது அவர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “மலை உங்களை விட மறுக்கிறது” என்றார். மலைக்கு அந்த அளவு செல்வாக்கு இருந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வென்டிலேட்டர் வாங்கித் தரச் சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அழுதேனா என்றால், அழுதேன். குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது என் நாற்காலியில் யாரும் இல்லை, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். உட்கார்ந்து முதல் ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த வருடமும் விண்ணப்பித்தேன். கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதே மார்க், அதே கடிதங்கள். கூடியது ஒன்றுதான்: இடைவெளி மூன்று வருடத்திலிருந்து நான்காகியிருந்தது. இந்தத் தடவை கூப்பிட்ட இடங்கள் கொஞ்சம் ஜாஸ்தி. அதில் ஒரு நேர்காணலை நான் மறக்கமாட்டேன். திரையில் வந்தது நரைத்த முடியை அள்ளி முடிந்திருந்த ஒரு அம்மாள். வார்டில் ரவுண்ட்ஸ் முடித்து நேராக வந்தவர்போலக் களைத்திருந்தார். என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, “அட்ரோபினை எப்போது குறைக்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டார். கண்மணியைப் பார்த்தா, நாடியைப் பார்த்தா என்றும் கேட்டார். நுரையீரலின் சத்தத்தைக் கேட்டு, என்றேன். அவர் தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார். அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. தாம் பார்த்த கேஸ் ஒன்றைச் சொன்னார். அதில் அவர் எடுத்த முடிவை நான் மறுத்தேன். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இந்த முழு விவகாரத்திலும் என்னை ஒரு டாக்டராக நினைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். எந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்று வரிசைப்படுத்தி நாங்கள் கொடுக்க வேண்டிய பட்டியலில் அதை முதலாவதாக வைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரி என்னை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டது வேறொன்று. அங்கே நேர்காணல் செய்தவர் என் பெயரை மூன்று விதமாக உச்சரித்து மூன்றிலும் தோற்று, எங்கள் ஊரில் பனி அதிகம், தாங்குவீர்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நன்றி சொல்லி மூடியவர். போன வருடம் ஆன்மா இல்லாதிருந்த அதே காகிதத்துக்கு இந்த வருடம் எங்கிருந்து ஆன்மா வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திறமைக்கு மதிப்பு அங்கேதான் என்று கல்யாண வீடுகளில் பேசுகிறவர்களை இப்போது பார்த்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

செய்தி பரவியதும் முதலில் போன் செய்தவர் ஆலோசகர்.

“கங்கிராட்ஸ் மேடம்! நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க, நம்ம பேஜ்ல போடணும். நம்ம ஸ்டூடன்ட்னு.”

“நீங்கதான் ஆன்மா இல்லன்னு சொன்னீங்களேங்க?”

“அது ஒரு மோட்டிவேஷனுக்கு மேடம்.”

போட்டோ அனுப்பவில்லை. கீழ்பென்னாத்தூர் கூட்ரோட்டில் சித்தப்பா மட்டும் எனக்குத் தெரியாமல் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்துவிட்டார். அதில் நான் சின்னதாகவும், அவர் பெரிதாகவும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். பெரியவர் அதைப் பார்க்கவில்லை. முட்டி வலி தாங்காமல் அதற்கு முன்பே அமெரிக்காவுக்குத் திரும்பி, அங்கே ஆபரேஷன் செய்துகொண்டார் என்று விடுதிக்காரர் சொன்னார்.

விசா வந்த பிறகு அப்பா ஒருநாள் போனில் யாரோ சொந்தக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஆமாம்பா, அமெரிக்காதான்… டாக்டராத்தான்… இல்ல, மறுபடியும் படிக்கணுமாம்… ஆமா, மொதல்ல இருந்துதான்… இங்க படிச்சது இன்னா ஆச்சா? அத என்னக் கேட்டா? அவங்களுக்கே தெரியல போல.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அவன் கேக்கறதும் நியாயந்தானே?” என்றார்.

“நியாயந்தாம்பா” என்றேன். கனமான புத்தகம் ஒன்றைப் பெட்டியில் அமுக்கினேன். மூடி சாத்த வரவில்லை. அப்பா எழுந்து வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார்.